கல்லூரி என்.எஸ்.எஸ். அணியில் சேர்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலாண்டு வகுப்புகள் தொடங்கியதும் மாணவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளையும் பொறியியல் கல்லூரிகளையும் மனதில் வைத்து எழுதியது. படிவம், கடைசித் தேதி போன்றவை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

1. என்.எஸ்.எஸ்.னா என்ன? காலேஜ் கிரவுண்ட்ல குப்பை பொறுக்கறதுதானே?

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இன்று ஒன்றிய அரசின் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. கல்லூரியில் ஓர் அணி என்பது ஏறத்தாழ 100 மாணவர்கள், அவர்களுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர். அவருக்குப் பெயர் திட்ட அலுவலர்; பேச்சில் 'பி.ஓ.'

குப்பை பொறுக்குவதும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியில் வளாக வேலைக்கு 30 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது திட்டத்தின் விதி. மீதி நேரம் வெளியே, மக்களோடு. இந்த 30 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 15-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

2. எப்போ சேரணும், யார்கிட்ட போகணும்?

முதலாண்டில், வகுப்பு தொடங்கிய முதல் மாதத்துக்குள். துறைத்தலைவரிடம் போக வேண்டியதில்லை. நேராகத் திட்ட அலுவலரைப் பாருங்கள். கல்லூரியில் இரண்டு மூன்று அணிகள் இருந்தால் எந்த அணிக்கு யார் என்று அலுவலக அறிவிப்புப் பலகையில் இருக்கும். படிவத்தில் புகைப்படம், ரத்த வகை, பெற்றோரின் கைபேசி எண், பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். ஒன்றிய அரசின் இளைஞர் இணையதளமான மை பாரத்திலும் பதியச் சொல்வது இப்போது வழக்கம். அதில் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே பெயரையும் இன்ஷியலையும் கொடுங்கள். சான்றிதழ் வரும்போது எழும் சிக்கல்களில் பாதி இந்த இன்ஷியலால்தான்.

ரத்த வகை தெரியாவிட்டால் கோட்டை வெறுமையாக விடுங்கள். 'ஓ பாசிட்டிவ்தான் இருக்கும்' என்று குத்துமதிப்பாக எழுதினால், அவசரத்துக்கு உங்களை அழைத்து அலைக்கழித்த பிறகுதான் உண்மை தெரியும்.

இரண்டாமாண்டில் சேர்வதும் நடக்கும். ஆனால் முழுச் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுப் பணி வேண்டும் என்பதால் கடைசி ஆண்டுவரை இழுக்கும். கடைசி ஆண்டில் சேர்ந்தால் வேலை செய்யலாம், சான்றிதழ் கிடைக்காது.

3. காசு கட்டணுமா?

சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. பேட்ஜ், டி-ஷர்ட், தொப்பி ஆகியவற்றுக்குச் சில கல்லூரிகளில் வாங்குவார்கள், ரசீது கேளுங்கள்.

4. 120 மணி நேரமா! அப்புறம் படிக்கறது எப்போ?

கணக்குப் போட்டால் பயமுறுத்தாது. செமஸ்டர் தேர்வு மாதங்களைக் கழித்தால் ஆண்டில் எட்டு மாதம் கையில் நிற்கும். மாதம் 15 மணி நேரம்: இரண்டு சனிக்கிழமை அரை நாள், ஒரு ஞாயிறு முழு நாள். முதலாண்டில் இதிலேயே சுமார் 20 மணி நேரம் அறிமுகப் பயிற்சிக்குப் போய்விடும். ஏழு நாள் சிறப்பு முகாம் இந்த 120-இல் சேராது, அது தனி. இரண்டு ஆண்டில் மொத்தம் 240 மணி நேரமும் ஒரு முகாமும் முடித்தால் சான்றிதழ்.

மணிக்கணக்கு பணிக் குறிப்பேட்டில் ஏறினால்தான் கணக்கு. தேதி, இடம், செய்த வேலை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், திட்ட அலுவலரின் கையெழுத்து. அந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஆகஸ்ட் மாதம் ஏரிக்கரையில் என்ன செய்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. பயண நேரத்தைச் சேர்க்கலாமா என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அணிக்கு அணி வழக்கம் வேறு.

5. என்.சி.சி., ஒய்.ஆர்.சி., ஆர்.ஆர்.சி.னு ஏகப்பட்டது இருக்கே, எதுல சேர்றது?

என்.சி.சி. என்பது சீருடை, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி. ராணுவம் போகும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதில் சேருங்கள். அதன் 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகும் தனி வழி இருக்கிறது. என்.எஸ்.எஸ்.ஸில் அப்படி எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்க முடியாது.

ஒய்.ஆர்.சி. செஞ்சிலுவைச் சங்கத்தின் இளைஞர் பிரிவு. முதலுதவி, ரத்ததானம் முக்கியம். ஆர்.ஆர்.சி. எனப்படும் செஞ்சுருள் சங்கம் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கானது. ஊருக்குள் போய்த் தங்கி வேலை செய்யும் வாய்ப்பு இந்த நான்கில் என்.எஸ்.எஸ்.ஸில்தான் அதிகம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது என்று சிலர் நினைக்கிறார்கள். பொருட்கணக்கு, கணக்கெடுப்புப் படிவம், சமையல் என்று பேசாமல் செய்யும் வேலைகளுக்குத்தான் எப்போதும் ஆள் பற்றாக்குறை.

6. எங்க காலேஜ்ல ஏதாவது ஒண்ணுல சேர்ந்தே ஆகணும்னு சொல்றாங்க. நிஜமா?

அண்ணா பல்கலைக்கழக விதிமுறையில் வரும் பொறியியல் கல்லூரி என்றால், ஆம். முதலாண்டில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., என்.எஸ்.ஓ. (தேசிய விளையாட்டு அமைப்பு), ஒய்.ஆர்.சி. ஆகியவற்றில் ஒன்றில் சேர வேண்டும். பயிற்சியில் 75 சதவீத வருகை வேண்டும். தக்க காரணம் இருந்தால் இரண்டாமாண்டில் முடிக்கக் கல்லூரித் தலைமை அனுமதிக்கலாம். கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 5 என்று மதிப்பெண் பட்டியலில் வரும் விரிவாக்கப் பணிக்கான ஒரு கிரெடிட் இதன் வழியாகத்தான் கிடைக்கிறது.

கட்டாயத்துக்காகச் சேர்ந்து கிரெடிட் வாங்குவதும், 240 மணி நேரம் முடித்துச் சான்றிதழ் வாங்குவதும் வேறு வேறு. எது வேண்டும் என்பதைச் சேரும்போதே சொல்லிவிட்டால் அணிக்கும் நல்லது.

7. ஓ.டி. குடுப்பாங்களா? அட்டெண்டன்ஸ் போயிடுமா?

கொடுப்பார்கள். அணி வேலைக்காக வகுப்புக்கு வராத நேரத்தையும் வந்ததாகக் கணக்கிடும் 'ஆன் டியூட்டி'தான் ஓ.டி. ஆனால் ஓ.டி. கடிதம் நிகழ்ச்சிக்கு முன்பே திட்ட அலுவலர், வகுப்பு ஆசிரியர், துறைத்தலைவர் என்ற வரிசையில் கையெழுத்தாகியிருக்க வேண்டும். போய்விட்டு வந்து கடிதம் எழுதினால் பல துறைகளில் ஏற்க மாட்டார்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

ஓ.டி. வருகையைக் காப்பாற்றும், தவறவிட்ட ஆய்வகத்தையும் உள்மதிப்பீட்டுத் தேர்வையும் காப்பாற்றாது. ஆய்வக வகுப்பு உள்ள நாளில் வேறு பேட்ச்சோடு சேர்ந்து செய்ய முன்கூட்டியே கேளுங்கள். வருகை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த செமஸ்டரில் வார நாள் வேலைகளுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

8. ஏழு நாள் கேம்ப்ல என்னதான் நடக்கும்?

அணி தத்தெடுத்த கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ தங்குவது. 100 பேர் அணியில் 50 பேருக்குத்தான் இடம், ஆகவே இரண்டு ஆண்டில் ஒரு முறையாவது போய்விடப் பாருங்கள். தங்குமிடம் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி அல்லது சமுதாயக் கூடம். காலை ஐந்தரைக்கு எழுச்சி, உடற்பயிற்சி. வெயில் ஏறுமுன் களப்பணி. மதியத்துக்குப் பின் கருத்தரங்கு அல்லது வீடு வீடாகக் கணக்கெடுப்பு. மாலையில் ஊர் மக்களுக்கான நிகழ்ச்சி. இரவு அன்றைய வேலை பற்றிய ஆய்வுக் கூட்டம்.

கொண்டுபோக வேண்டியவை: போர்வை, கொசுவலை அல்லது கொசுவிரட்டிக் களிம்பு, தட்டு, டம்ளர், டார்ச், மூடிய காலணி, தொப்பி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், நாலு செட் பழைய உடை. நகை வேண்டாம். பள்ளியில் பிளக் பாயின்ட் இரண்டுதான் இருக்கும், ஐம்பது போன். புரிந்துகொள்ளுங்கள்.

முகாம் சொதப்புவது பெரும்பாலும் முதல் நாளுக்கு முன்பே. ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், கிராம நிர்வாக அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையம், காவல் நிலையம் ஆகியோருக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் போயிருக்க வேண்டும். கழிப்பறையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா. 'இருக்கு சார்' என்று போனில் வரும் பதிலை நம்பக் கூடாது.

9. வீட்ல நைட் தங்க விட மாட்டேங்கறாங்க. பொண்ணுங்க என்ன பண்றது?

அம்மா அப்பாவிடம் 'கேம்ப்' என்று மட்டும் சொன்னால் 'வேண்டாம்' என்றுதான் வரும். எந்த ஊர், எந்தக் கட்டடம், உடன் தங்கும் பெண் ஆசிரியர் யார், அவர் எண் என்ன, இரவில் கதவுக்கு யார் பொறுப்பு என்று எழுதிய தாளைக் கொடுங்கள். மாணவியர் தங்கும் முகாமில் பெண் ஆசிரியர் உடன் தங்கியே ஆக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லையென்றால் வீட்டில் மறுப்பதுதான் நியாயம்.

அதற்கும் சம்மதிக்காவிட்டால், காலையில் வந்து மாலையில் திரும்ப அனுமதி உண்டா என்று திட்ட அலுவலரிடம் கேட்கலாம். அப்படி வந்தால் முகாம் முடித்ததாகக் கணக்கில் வருமா என்பதைச் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

10. என்னை ஃபுட் கமிட்டில போட்டுட்டாங்க. 50 பேருக்கு எவ்வளவு வாங்கணும்?

ஆசிரியர், சமையலர், வந்து போகும் விருந்தினர் சேர்த்து 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் வீட்டில் சாப்பிடுவதைவிடக் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 130 கிராம் அரிசி, ஆக 7 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றே முக்கால் கிலோ. குழம்புக்கும் பொரியலுக்கும் சேர்த்துக் காய்கறி 8 கிலோ. காலையில் பொங்கல் என்றால் பச்சரிசி 4 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றரைக் கிலோ. உப்புமா என்றால் ரவை 4 கிலோ. ஒரு வேளைத் தேநீருக்குப் பால் 3 லிட்டர். குடிநீர் ஆளுக்கு 3 லிட்டர் வீதம் 20 லிட்டர் கேன் நாளுக்கு ஒன்பது. சமையலுக்குத் தண்ணீர் தனி.

எரிவாயுவுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் எடுக்க வேண்டும், வீட்டு சிலிண்டர் கூடாது. மாற்று சிலிண்டர் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மளிகையை மொத்தமாக வாங்கலாம். காய்கறியை அப்படி வாங்காதீர்கள். முதல் நாளே ஏழு நாளைக்குத் தக்காளி வாங்கிய முகாம்களில் நான்காம் நாள் ரசம்கூட வைக்க முடியாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி, சேனை தாங்கும். கீரையும் கத்தரியும் அன்றன்றைக்கு உள்ளூரில் வாங்குங்கள். ஊர்க்காரரிடம் வாங்கினால் பேச்சும் வளரும்.

வயிற்றுப்போக்கு வருவது இரண்டு வழியில்: இரவு மிஞ்சிய சாம்பாரைக் காலையில் சூடாக்கிப் போடுவது, காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மதியம்வரை வைத்திருப்பது. மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள். உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருபது கையில் இருக்கட்டும்.

11. மரம் நடுறோம், போட்டோ எடுக்கறோம், செடி செத்துடுது. வேற என்ன பண்றது?

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளன்று நடுவதுதான் முதல் தப்பு. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர்வரை. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் நட்டால் மூன்று மாத மழை வேருக்குக் கிடைக்கும். கன்னியாகுமரி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் போன்ற இடங்களில் மட்டும் ஜூன் சரிப்படும்.

இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். பத்து நாள் முன்பே குழி எடுத்து ஆற விடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய எரு இரண்டு தட்டு கலந்து நிரப்புங்கள். மூன்றடிக்குக் குறைந்த கன்று ஆட்டுக்குத் தீனி. பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள். பையோடு குழியில் வைத்த கன்றுகளை இன்றும் எல்லா ஊரிலும் பார்க்கலாம். குச்சி, கூண்டு, பாத்தி மூன்றும் வேண்டும். முதல் கோடையில் வாரம் இருமுறை 10 லிட்டர் தண்ணீர் ஊற்ற யார் பெயர் என்று எழுதி வையுங்கள். பெயர் இல்லையென்றால் நூறுக்குப் பதில் இருபது கன்று நடுங்கள். புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை எளிதில் பிழைக்கும், நீர்க்கரைக்கு மருதம். மின்கம்பிக்குக் கீழே எதுவும் வேண்டாம்.

சீமைக்கருவேலம் அகற்றுவதும் இப்படித்தான். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். சுற்றி ஓரடி தோண்டி அடிக்கட்டையோடு எடுக்க வேண்டும். நூறு மாணவர் ஒரு நாளில் முடிக்கும் பரப்பு மிகச் சிறியது. கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களின் எழுத்து அனுமதி அவசியம், ஏனென்றால் அந்த விறகு ஏலத்துக்குப் போகும் பொருள்.

12. பார்வையில்லாத மாணவருக்கு பரீட்சை எழுதப் போறேன். என்ன தெரிஞ்சிருக்கணும்?

உடலுழைப்பு முடியாதவர்களுக்கும் ஏற்ற அருமையான பணி. தேர்வர் தாமே எழுத்தரை (தமக்காக விடை எழுதுபவரை) அழைத்து வரும்போது, எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்; அது 2025-இல் மாறியதால், இப்போதைய தகுதியைத் தேர்வு நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். மதியம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வியை முழுதாக, மதிப்பெண்ணோடு, இரண்டு முறை வாசியுங்கள். அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். திருத்துவதும் 'இது தப்பு' என்று முகபாவத்தை மாற்றிக் குரல் இழுப்பதும் கூடாது. ஒத்துக்கொண்டுவிட்டு அன்று காலை வராமல் போவதைவிட மோசமானது இந்தப் பணியில் இல்லை. அணியில் எப்போதும் மாற்று ஆள் ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

13. பிளட் கேம்ப்ல எல்லாரும் ரத்தம் குடுத்தே ஆகணுமா?

இல்லை. வற்புறுத்தி வாங்குவது தானம் ஆகாது. வயது 18 முடிந்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவர் பலருக்கு ஜூலையில் 17தான், பெற்றோர் கையெழுத்து போட்டாலும் முடியாது. எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். வெறும் வயிற்றில் போனால் மயங்கி விழுவீர்கள்.

ஒரே நாளில் 300 பேர் என்று சாதனை காட்டுவதில் பயனில்லை. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள்வரைதான் வைத்திருக்க முடியும். ரத்த வங்கியிடம் கேட்டு, நாலு தவணையாகப் பிரித்து, கல்லூரி விடுமுறையால் தட்டுப்பாடு வரும் கோடைக்கு முன் ஒரு முகாம் வையுங்கள்.

14. ஸ்டூடன்ட் செக்ரட்டரி ஆகணும்னா என்ன பண்ணணும்?

தேர்தல் பெரும்பாலும் இல்லை. திட்ட அலுவலர் முதலாண்டில் கவனித்து இரண்டாமாண்டில் நியமிப்பார். மேடையில் பேசுபவரைவிட, நிகழ்ச்சி முடிந்து மண்வெட்டிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தவருக்கே வாய்ப்பு அதிகம். கல்லூரி முதல்வர் தலைமையிலான ஆலோசனைக் குழுவில் மாணவப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. ஆண்டுத் திட்டமும் செலவும் அங்கேதான் முடிவாகும். பெயருக்கு உட்காராமல் தத்தெடுத்த ஊரில் கேட்டறிந்த தேவைகளை எழுதி எடுத்துப் போங்கள்.

பணம் உங்கள் கைக்கு வரும்போது கவனம். அணிக்கான வசூலை உங்கள் சொந்த ஜிபே எண்ணில் வாங்கவே வாங்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பின்னால் கணக்குக் காட்ட முடியாது. செலவுக்கு அன்றன்றே ரசீது; ரசீது தராத சந்தைக் கடைக்கு வவுச்சரில் கையெழுத்து. பதவி முடியும்போது தொடர்பு எண்கள், கடித நகல்கள், பொருட்பட்டியல் மூன்றையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.

15. எங்க அணில காலேஜ் ஃபங்ஷனுக்கு சேர் போடறதும், விஐபி வந்தா கை தட்டறதும்தான் வேலை. யார்கிட்ட சொல்றது?

குறிப்பேட்டை எடுத்து வளாக வேலை எத்தனை மணி நேரம் என்று கூட்டுங்கள். 30-ஐத் தாண்டியிருந்தால் (1-ஆம் கேள்வி) பேச ஆதாரம் கையில் இருக்கிறது. திட்ட அலுவலரிடம் நாலைந்து பேராகப் போய், புகாராக இல்லாமல் 'அடுத்த மாதம் ஊருக்குப் போக ஒரு திட்டம் எழுதி வந்திருக்கிறோம் சார்' என்று தொடங்குங்கள். பல நேரம் அவருக்கும் வகுப்புச் சுமையில் திட்டம் எழுத நேரமில்லாததுதான் காரணம். பயனில்லையென்றால் ஆலோசனைக் குழு. அதற்கும் மேல் பல்கலைக்கழக என்.எஸ்.எஸ். ஒருங்கிணைப்பாளர்.

கட்சிக் கூட்டத்துக்கோ தேர்தல் பிரச்சாரத்துக்கோ அணியின் பெயரில் கூப்பிட்டால் மறுக்கலாம். வாக்காளர் விழிப்புணர்வு வேறு, வாக்குக் கேட்பது வேறு.

16. வெள்ளம் வந்தா நாங்களே வண்டி எடுத்துட்டுக் கிளம்பலாமா?

வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை (1077) அல்லது வட்டாட்சியர் வழியாக எந்த இடத்துக்கு என்ன தேவை என்று கேட்டபின் போங்கள். இல்லாவிட்டால் சாலையோர ஊர்களுக்கே நாலு முறை சாப்பாடு போகும், உள்ளே இருப்பவருக்கு எதுவும் போகாது. பொட்டலத்துக்குப் புளிசாதம் தாங்கும், சாம்பார் சாதம் தாங்காது. பழைய துணி கேட்டு அறிவிக்காதீர்கள்; தரம் பிரிக்கவே ஆள் போதாது. நாப்கின், பால் பவுடர், மெழுகுவத்தி, பாய், குடிநீர் கேளுங்கள். தேங்கிய நீரில் செருப்பில்லாமல் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம்.

17. சர்டிபிகேட்டால வேலை கிடைக்குமா?

அதை நம்பிச் சேராதீர்கள். சில மேற்படிப்புச் சேர்க்கைகளில் சிறிய முன்னுரிமை தருகிறார்கள். அந்தந்த ஆண்டின் விளம்பரக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைக் காட்டினால் 'என்ன செய்தீர்கள்?' என்று அடுத்த கேள்வி வரும். 50 பேருக்கு ஏழு நாள் சாப்பாடு போட்டதை எண்ணிக்கையோடு சொல்ல முடிந்தால் அங்கே அது பேசும்.

18. நடுவுல முடியலைன்னா விலகலாமா?

விலகலாம். எழுத்தில் கொடுங்கள், உங்கள் இடத்தில் வேறொருவரைச் சேர்க்க முடியும். குறிப்பேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கல்லூரி மாறினாலும், உடல்நலம் தேறி அடுத்த ஆண்டு திரும்பினாலும், கையெழுத்தான மணி நேரங்களை ஏற்கும்படி கேட்க அது ஒன்றுதான் சான்று. வாங்கிய பேட்ஜ், மண்வெட்டி, கையுறை எல்லாம் பொருட்பட்டியலில் உங்கள் பெயரில் இருக்கும். திருப்பிக் கொடுத்து அடித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஆண்டில் 'நோ டியூ' கையெழுத்து வாங்கப் போகும்போது அங்கே நிற்கும்.